ஓக் மரமே எல்லைக்கல்

மாட்டை விற்றால் கயிறு கைமாறும். நெல்லை விற்றால் மூட்டையை வண்டியில் ஏற்றிவிடலாம். இருந்த இடத்தை விட்டு நகராத நிலத்தை எப்படி ஒப்படைப்பது?

1600களில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இதற்குத் தங்கள் ஊர்ப் பழக்கத்தையே கொண்டுவந்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்திலேயே போய் நிற்பார்கள். விற்பவர் ஒரு மண்கட்டியையும் ஒரு குச்சியையும் எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிரயம் முடிந்தது. பார்த்தவர்களின் ஞாபகம்தான் பத்திரம்.

ஆனால் சாட்சிகள் சாவார்கள். புது நாட்டில் பாதிப் பேர் வேறு ஊருக்கே போய்விடுவார்கள். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்க இதைவிட வசதி வேண்டுமா? 1640ல் மாசசூசெட்ஸ் பே காலனி இதற்கு ஒரு சட்டம் போட்டது. விற்ற பிறகும் விற்றவரே அனுபவத்தில் இருக்கும் நிலமானால், விற்பனையைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் அந்தக் கிரயம் விற்றவரையும் அவர் வாரிசுகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும், மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது. நாடு முழுமைக்கும் அப்படி ஒரு பதிவேடு அப்போது இங்கிலாந்தில்கூட இல்லை. வில்லங்கம் பார்த்து வாங்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் இதுவே அடித்தளம்.

இன்னொரு வில்லங்கம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். மனைவி அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்கிய நிலம் பின்னாளில் வழக்கில் போய் நிற்கும். அதனால் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற இடங்களில் நீதிபதி அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்துப்போய், 'மனமொப்பித்தான் கையெழுத்துப் போடுகிறாயா?' என்று கேட்பார். கணவன் முகத்தைப் பார்த்தபடி வாழ வேண்டியவள் தனியறையில் எவ்வளவு துணிந்து பேசியிருப்பாள் என்பது வேறு கேள்வி.

சரி, எந்த நிலம் விற்கப்படுகிறது என்பதைப் பத்திரத்தில் எப்படிக் காட்டுவது? நம் பத்திரத்தில் இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கெல்லை சொல்வோம். அவர்கள் பத்திரம் நிலத்தைச் சுற்றி நடந்தே வரும். ஓடைக்கரையில் வெட்டுக்குறி போட்ட வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கும். அங்கிருந்து வடக்கிலிருந்து கிழக்காக 34 பாகை திரும்பி, 120 'போல்' (பதினாறரை அடி கொண்ட ஒரு நீள அளவு) தூரம் ஹிக்கரி மரம் வரை. அப்புறம் ஓடை வளைந்தபடியே இத்தனை போல். கடைசியில் ஆரம்பித்த ஓக்குக்கே வந்து சேரும். 

தூரம் அளந்தது இரும்புச் சங்கிலியால். 1620ல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேய வானியல் பேராசிரியர் வகுத்தது: 66 அடி நீளம், 100 வளையம் (லிங்க்). பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அடியில் அளந்தால் 43,560 என்ற எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும். சங்கிலியில் அளந்தால் பத்தால் வகுத்தால் போதும். நாம் மனை வாங்கும்போது பேசும் சென்ட் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தும்: ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 1000 சதுர லிங்க், 435.6 சதுர அடி.

சங்கிலியைப் பிடிக்க இரண்டு ஆள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒரு இரும்புக் குச்சியை ஊன்றுவார். பின்னால் வருபவர் பிடுங்கிக்கொண்டே வருவார். கையில் சேர்ந்த குச்சிதான் கணக்கு. மேட்டில் சங்கிலியைச் சாய்த்துப் பிடித்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். நாள்பட வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டால் குறைவாகக் காட்டும். 1749ல், 17 வயதில், ஜார்ஜ் வாஷிங்டன் கல்பெப்பர் கவுன்ட்டியின் சர்வேயராகப் பார்த்தது இந்த வேலையைத்தான்.

திசை காட்டியதோ காந்த ஊசி. அது காட்டும் வடக்கு நிலையானதல்ல. பூமியின் காந்தப்புலம் மாற மாற, சில தலைமுறைகளில் பல பாகைகள் நகர்ந்துவிடும். ஒரே ஒரு பாகை பிசகினால் ஒரு மைல் தூரத்தில் கோடு 92 அடி தள்ளிப் போகும். பேரன் காலத்தில் அதே எண்களை வைத்து அளந்தால் அடுத்தவன் சோளக் காட்டுக்குள் போய் நிற்க வேண்டியதுதான்.

இதனால்தான் நீதிமன்றங்கள் நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறான ஒரு வரிசையை வைத்திருந்தன. முதல் மதிப்பு ஓடை, மரம் போன்ற இயற்கை அடையாளங்களுக்கு. அடுத்தது நட்ட கல், முளை. அதற்கப்புறம்தான் பாகையும் தூரமும். ஏக்கர் கணக்கு கடைசி. பத்திரம் 200 ஏக்கர் என்று சொல்லி, அடையாளங்களுக்குள் 230 ஏக்கர் இருந்தால் 230ம் வாங்கியவருக்கே.

அந்த மரமே உண்மையானதுதானா என்று சண்டை வந்தால்? கோடரியால் கொத்திய குறியின் மேல் மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாகப் புது மரத்தைப் போர்த்திக்கொண்டே போகும். சில காலத்தில் பட்டை மூடி, வெளியே ஒரு வடு மட்டும் மிஞ்சும். அந்த இடத்தைக் கட்டையாக வெட்டி எடுத்து, குறிக்கு வெளியே உள்ள வளையங்களை எண்ணுவார்கள். பத்திரத்துக்கு 40 வயது, வளையம் 15தான் என்றால் யாரோ பின்னாளில் போட்ட குறி. குட்டு வெளிப்பட்டுவிடும். வர்ஜீனியாவில் 1662ல் வந்த சட்டம் இன்னும் எளிய வழி சொன்னது: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து குறிகளைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த முறை சுத்தமாகக் கவிழ்ந்தது அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்த கென்டக்கியில். வர்ஜீனியா அரசு விற்ற நிலச்சீட்டை வாங்கியவர் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேடி அளந்துகொள்ளலாம். விளைவு, ஒரே இடத்தின்மேல் மூன்று நான்கு உரிமைகள். காட்டுக்கு வழி காட்டிய டேனியல் பூன்கூட அங்கே தன் நிலங்களை இழந்தார்.

1785ல் அமெரிக்க மைய அரசு ஓஹியோ ஆற்றுக்கு அப்பால் வேறு முறைக்கு மாறியது: முதலில் அளப்போம், பிறகு விற்போம். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்ஷன். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அரசின் தலைமை நில அளவையாளர் தாமஸ் ஹட்சின்ஸ் அந்த ஆண்டு செப்டம்பர் 30ல் ஆற்றின் வடகரையில் முதல் கோட்டைத் தொடங்கினார். தாளில் எல்லாம் சதுரம். பூமி உருண்டையாயிற்றே! வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். அந்தப் பிசகை வடக்கு, மேற்கு ஓரத்துச் செக்ஷன்களின் தலையில் கட்டினார்கள்.

அங்கே ஷாவ்னி, டெலவேர், மயாமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கட்டம் கண்டுகொள்ளவில்லை. போர்களாலும் ஒப்பந்தங்களாலும் அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். அவர்களிடம் தனியார் நேரடியாக வாங்கிய நிலத்துக்கு நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று 1823ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது.

கென்டக்கியில் பட்டா வழக்குகளில் சிக்கி அலுத்துப்போன தாமஸ் லிங்கன் 1816ல் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் அமெரிக்க அதிபரான மகன் ஆபிரகாமுக்கு அப்போது ஏழு வயது. மறு ஆண்டு வின்சென்ஸ் நில அலுவலகத்தில் செக்ஷன் 32ன் தென்மேற்குக் கால்பாகம், 160 ஏக்கர், ஏக்கர் இரண்டு டாலர் விலையில் அவர் பெயருக்குப் பதிவானது. முன்பணம் 80 டாலர் கட்டினார். மீதியைக் கட்ட முடியாமல் 1827ல் பாதியை அரசிடமே திருப்பிவிட்டு, 80 ஏக்கருக்கு மட்டும் பட்டா வாங்கிக்கொண்டார்.