மகசூலும் மகப்பேறும்

குரூப் 2 மெயின்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அக்கா மகன் போன வாரம் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து நீட்டினான். நாடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பக்கம் விவசாய நிலம், மறுபக்கம் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள். "சவுதி அரேபியாவுல 80 சதவீதம் விவசாய நிலமாம் மாமா. பாலைவனம்னுதானே படிச்சோம்?" என்றான். எண்ணில் தப்பில்லை, தப்பெல்லாம் சொல்லில்தான்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 'அக்ரிகல்சுரல் லேண்ட்' என்று கணக்கெடுப்பதில் மூன்று வகை நிலம் அடங்கும். உழுது பயிரிடுவது ஒன்று, மா, தென்னை போல நின்று பலன் தரும் தோப்பு இன்னொன்று. அப்புறம், கால்நடை மேயும் நிரந்தரத் தரை. சவுதியின் 80-இல் பெரும்பங்கு இந்த மூன்றாவதுதான். உழுகிற நிலம் 2 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய பாதி நாடு இந்தக் கணக்கில் வந்துவிடும், ஆனால் உழவு நடப்பது 4 சதவீதம் அளவில். 'விவசாய நிலம்' என்றதும் நம் கண்ணில் நிற்பது நெல்வயல், ஒட்டகம் மேயும் தரை அல்ல. மேய்ச்சல் தரைக்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு. மயிலாப்பூரைத் தாண்டினால் பஸ் டிப்போவோடு நிற்கிறதே, மந்தைவெளி. மாடு போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஆகவே அட்டவணையின் தலைப்பை 'வேளாண், மேய்ச்சல் நிலம்' என்று போடலாம். 'அரபிள் லேண்ட்' என்று வந்தால் உழவுநிலம் போதும். லத்தீனில் 'அராரே' என்றால் உழுதல். நம் 'ஏர்' என்ற சொல்லோடு ஒலிக்கிறதே என்று உடனே குதிக்க வேண்டாம். ஒலி எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கீழே ஓர் உதாரணம் வருகிறது.

இனி அட்டவணையின் மறுபக்கம், ஆங்கிலத்தில் 'ஃபெர்ட்டிலிட்டி'. இதுவும் லத்தீன்தான். 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல், ஈன்று தருதல். ஆங்கிலத்துக்கு மண்ணும் பெண்ணும் இந்த விஷயத்தில் ஒன்று. உரத்துக்கும் ஃபெர்ட்டிலைசர், வடபழனியிலிருந்து அண்ணா நகர் வரை தெருவுக்குத் தெரு தொங்கும் குழந்தையின்மை மருத்துவமனைப் பலகையிலும் ஃபெர்ட்டிலிட்டி. நாம் மண்வளம், கருவளம் என்று பிரித்துவிட்டோம். பிரித்தது சரி, பொருத்தியதில்தான் எனக்குச் சண்டை.

வளம் என்பது திறன். மண்வளம் உள்ள வயல் தரிசாகக் கிடக்கலாம். கருவளம் உள்ள பெண் ஒரு பிள்ளையோடு போதும் என்று சொல்லலாம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஃபெர்ட்டிலிட்டி என்று எண்ணுவது திறனை அல்ல, உண்மையில் பிறந்த பிள்ளைகளை. திறனுக்கு அவர்களிடம் 'ஃபெகண்டிட்டி' என்று வேறு சொல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இதே இரண்டு சொற்களையும் அப்படியே தலைகீழாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 'ஃபெகோந்தித்தே' தான் பிறப்புக் கணக்கு. ஆகவே 'தமிழ்நாட்டின் கருவளம் 1.4' என்று எழுதினால், இங்குள்ள பெண்களின் உடலில் ஏதோ குறை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நடப்பதோ வேறு: திருமணம் தள்ளிப்போகிறது, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வயலில் மண்வளம் ஒன்று, மகசூல் வேறொன்று. அதே போலக் கருவளம் ஒன்று, மகப்பேறு வேறொன்று. பெறு என்பது நீண்டு பேறு ஆகிறது, சுடு சூடாவது போல. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை புண்ணியத்தில் சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். நான் எழுதினால் 'மொத்த மகப்பேற்று வீதம்' என்றுதான் எழுதுவேன்.

மகசூல் என்றதும் சிலர் 'மக' கூட்டல் 'சூல்' என்று பிரித்து, நிலம் சூல்கொண்டு ஈன்ற பிள்ளை என்று உரை சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. அது அரபியில் 'மஹ்ஸூல்', அதாவது கைக்குக் கிடைத்தது. பாரசீக வரிக்கணக்கு வழியாக நம்மூருக்கு வந்தது. உருதுவில் இன்றும் வரிக்கு அதே சொல்தான். அதே வேரில் முளைத்ததுதான் 'தஹ்ஸீல்', வசூலித்தல். அதிலிருந்துதான் நம் தாசில்தார். தனித்தமிழ் வேண்டுமென்றால் விளைச்சல் இருக்கிறது. டெல்டாவில் களத்தில் அடித்து அளந்ததைக் கண்டுமுதல் என்பார்கள், எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஆனால் பொருளைப் பாருங்கள்: மஹ்ஸூலும் பேறும் 'கிடைத்தது' என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, எந்த உறவும் இல்லாமல்.

வீதமா விகிதமா? இரண்டு அளவை ஒப்பிட்டு 3-க்கு 2 என்றால் விகிதம். வட்டி வீதம் போல, இத்தனைக்கு இவ்வளவு என்றால் வீதம். இங்கே வீதமே சரி. பிறப்பு வீதத்தையும் இதோடு குழப்பக்கூடாது. அது ஆண், பெண், கிழவர் எல்லோரும் சேர்ந்த 1,000 பேருக்கு ஓராண்டில் பிறந்த குழந்தைகள். தமிழ்நாட்டில் 2020-இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி 13.8. அதே கணக்கில் மகப்பேற்று வீதம் 1.4. அதாவது, அந்த ஆண்டின் போக்கே நீடித்தால் ஒரு பெண் தன் 15 முதல் 49 வயதுக்குள் சராசரியாகப் பெறும் பிள்ளைகள். தலைமுறை குறையாமலிருக்க ஏறத்தாழ 2.1 வேண்டும்.

சொற்களைச் சரிசெய்துகொண்டு அட்டவணையை மறுபடி பார்த்தோம். வங்கதேசத்தில் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் உழவுநிலம், மகப்பேறு 2-ஐ ஒட்டி. எகிப்தில் உழவுநிலம் 3 சதவீதம் போல, மகப்பேறு வங்கதேசத்தைவிடக் கூடுதல். நைஜரில் மகப்பேறு 6-ஐ ஒட்டி, தென்கொரியாவில் 2023-இல் வெறும் 0.72. நிலத்தையும் பிள்ளையையும் ஒரே கோட்டில் கட்ட முடியவில்லை.

"அப்போ பரீட்சையில மகப்பேற்று வீதம்னே எழுதட்டுமா மாமா?"

"வேண்டாம்ப்பா. கருவள விகிதம்னே எழுது. திருத்துறவங்க என்னை மாதிரி ஆளா இருக்கணும்னு இல்ல."