பில் இல்லை என்பதற்காக 80டிடி-யை விட்டுவிடாதீர்கள்

போன மாதம் ஒரு டீச்சர் ஆபீசுக்கு வந்திருந்தார். மகளின் கல்விக் கடனுக்காக மூன்று வருட ரிட்டர்ன் நகல் வேண்டுமாம். பையில் ஆதாரைத் தேடும்போது கூடவே இன்னொரு அட்டையும் மேசையில் விழுந்தது. மகனுடைய யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மூளை முடக்குவாதம், 85 சதவீதம்.

"டீச்சர், 80டிடி போடுறீங்கள்ல?" என்றேன். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கிறவரின் வரிக்குரிய வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் தரும் கழிவு அது.

"இல்ல சார். பிசியோ பண்றவர் வீட்டுக்கு வந்துட்டுப் போறார், அவர் எங்க பில் தரப்போறார்? பில் இல்லாம போட்டா நோட்டீஸ் வரும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

பழைய வரிமுறையில் அவர் ரிட்டர்ன் போட்ட ஏழு வருடங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லா வருடமும் 20 சதவீத வரி வரம்பு. கழிவு 1,25,000 ரூபாய். செஸ் சேர்த்து வருடத்துக்கு 26,000 ரூபாய் வரி மிச்சமாகியிருக்கும். ஏழு வருடத்துக்கு 1,82,000. அந்தப் பையனுக்கு நல்ல வீல்சேர் வாங்க இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார் அவர். இந்த வருடத்தில் மட்டும் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த பில் விஷயம். 80டிடி-யில் கிடைப்பது நிலையான தொகை. மாற்றுத்திறன் 40 சதவீதத்திலிருந்து 80-க்குக் கீழ் வரை என்றால் 75,000 ரூபாய். 80-ம் அதற்கு மேலும் என்றால் 1,25,000. உங்களைச் சார்ந்திருப்பவரின் சிகிச்சைக்கோ, பராமரிப்புக்கோ, பயிற்சிக்கோ, மறுவாழ்வுக்கோ நீங்கள் செலவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செலவு 8,000 ஆனாலும் கழிவு 75,000 முழுசாக உண்டு. மூன்று லட்சம் ஆனாலும் அதே 75,000தான். பில்லைக் கூட்டிப் பார்த்து 38,000 மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 50 சதவீதக் குறைபாடு என்பதால் 75,000-ல் பாதியைப் போட்டுக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தொகையைச் சட்டமே நிர்ணயித்துவிட்டது. பில்லைக் கூட்டிக் கணக்குப் போடுவது 80டிடிபி. குறிப்பிட்ட சில நோய்களுக்கான சிகிச்சைச் செலவு அது. எழுத்து ஒன்று கூடியதால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், சம்பளப் பட்டியல் போடும் எழுத்தர்கள் உட்பட.

செலவே செய்யாமல் போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செலவே இல்லாத வீடு எங்கே இருக்கிறது? மறுநாள் டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். தேதி வாரியாக 'பிசியோ 300', 'ஆட்டோ 160', 'டயப்பர் 540'. பிசியோ வராத நாளில் வெறும் 'வ'. மருந்துக் கடைச் சீட்டுகளைப் பக்கத்துக்குப் பக்கம் பின் பண்ணியிருந்தார். "கணக்கு எழுதுற பழக்கம் சார்" என்றார் கூச்சத்தோடு. நாளைக்கு வரித்துறை கேட்டால் இதைவிட நேர்மையான ஆவணம் எதைக் காட்ட முடியும்? எல்லோரும் இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். முடிந்த இடத்தில் ஜிபேயில் பணம் அனுப்புங்கள்.

மாற்றுத்திறனாளி தானே சம்பாதித்து வரி கட்டுகிறார் என்றால் அவருக்கு 80யு. தொகை அதேதான், செலவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் இவர்களில் ஒருவர் உங்களைச் சார்ந்திருந்தால் உங்களுக்கு 80டிடி. ஒருவருக்காக இரண்டையும் போட முடியாது. மகன் 80யு போட ஆரம்பித்துவிட்டால் அப்பா 80டிடி-யை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளுக்கு வயது வரம்பு இல்லை. நாற்பது வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் போடலாம். அக்காமார்கள்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள்.

80டிடி-யில் இன்னொரு வழியும் உண்டு: மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் எதிர்காலத்துக்கென்று உள்ள காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டுவது. எல்ஐசியின் ஜீவன் ஆதார் அப்படி வந்த ஒரு திட்டம். பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் என்ற விதியை எதிர்த்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் மனு தள்ளுபடியானாலும், அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, பணம் கட்டியவருக்கு அறுபது வயதாகி, கட்டுவதும் நின்றுவிட்டால் அவர் இருக்கும்போதே பிள்ளைக்குத் தொகை கிடைக்க வழி வந்தது.

இப்போது எனக்குப் பிடிக்காத ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். புதிய வரிமுறையில் 80டிடி, 80யு இரண்டு கழிவும் கிடையாது. சேமிப்பை ஊக்குவிக்கத் தரும் சலுகையும், உடல் குறைபாட்டால் கூடும் செலவுக்குத் தரும் கழிவும் ஒன்றா? இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 2025-26 வருமானம் 12 லட்சத்துக்குள் (சம்பளக்காரர் என்றால் 12.75 லட்சம்) இருந்தால் புதிய முறையில் சாதாரண வருமானத்துக்கு வரியே இல்லை, இந்தக் கவலையும் வேண்டாம். அதற்கு மேல் இருந்து, வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப் படிக் கழிவும் சேர்ந்தால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான். ஆகஸ்டில் வந்து என் முன்னால் கண்கலங்காதீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சான்றிதழ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்றால் படிவம் 10-ஐஏ என்ற மருத்துவச் சான்றிதழ்ப் படிவத்தை வருமான வரி இணையதளத்தில் ஏற்றி, அந்த ஒப்புகை எண்ணை ரிட்டர்னில் போட வேண்டும். சார்ந்திருப்பவரின் பான் அல்லது ஆதார் எண், யுடிஐடி எண் எல்லாம் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அது காலாவதியாகும் நிதியாண்டு வரை கழிவு உண்டு. அடுத்த ஆண்டுக்குப் புதுச் சான்றிதழ் இல்லாமல் கிடையாது.

இன்னொரு அப்பா. மகளுக்குச் செவித்திறன் குறைபாடு, 70 சதவீதம். "ஆபீஸ்ல தெரிஞ்சா பேச்சாகும் சார், பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும்" என்று ஒவ்வொரு வருடமும் வேண்டாம் என்கிறார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஐயா, ஆபீசில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். ஆபீஸ் தரும் ஃபார்ம் 16-ல் இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் நேராகப் போடலாம். கூடுதலாகப் பிடித்த வரி உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். அது அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பணம். அவள் படிப்புக்கு ஆகட்டும்.

விட்டுப்போன வருடங்களுக்கு, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தாமதத்தை மன்னிக்கக் கோரி வரித்துறை ஆணையருக்கு மனுப் போடலாம். விட்டதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். கிடைத்தே தீரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கெடு போன பிறகு திருத்திப் போடும் அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டால் பணம் வராது, அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. டீச்சருக்கும் முதல் இரண்டு வருடங்கள் கெடு தாண்டிவிட்டன. மீதி ஐந்துக்கு மனு தயாராகிறது. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன், அந்த 'வ' எழுதிய பக்கங்களோடு சேர்த்து.