மேசை ஏன் பாய்ந்தது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சின்ன மில்லிங் மெசின் வாங்கி வைத்திருக்கிறாராம். வள்ளத்து எஞ்சினுக்கு அலுமினியத் தகட்டில் ஒரு பிடி செய்யத் தொடங்கினார். தகட்டின் முன்விளிம்பை வெட்டும்போது மெசினின் மேசையை வலமிருந்து இடமாக நகர்த்தினார். பப்பாசிப் பழத்தைச் சீவியதுபோலப் போனது. சரி, திரும்பும் வழியிலும் அதே விளிம்பில் கொஞ்சம் எடுப்போம் என்று இடமிருந்து வலமாக நகர்த்தினார். டக டக என்று அதிர்ந்தது. மேசை தானாகப் பாய்ந்தது. 6 மி.மீ. கட்டர் முறிந்து சுவரில் போய் அடித்தது.

“சேர், மெசின் பழுதா, இல்லாவிட்டால் பிழை என்னிலா?” என்று கேட்கிறார். நாவூறு பட்டுவிட்டது என்று அம்மா மேசையின் மேல் தேசிக்காய் வெட்டி வைத்திருப்பதாகவும் கடைசியில் ஒரு வரி.

தம்பி, முதலில் அந்தத் தேசிக்காயை எடுங்கள். மேசை வார்ப்பிரும்பு. தேசிக்காய்ச் சாற்றில் இருக்கும் சித்திரிக் அமிலம் அதை அரித்துக் கறையாக்கும்; காலையில் பார்த்தால் வட்டமாக ஒரு தடம் இருக்கும். கடலிலிருந்து வாடைக்காற்று வீசும் ஊரில் இரும்பைக் கெடுக்க உப்பு ஒன்றே போதும். அம்மாவின் மனம் நோகக்கூடாது என்றால் தேசிக்காயை மோட்டர் மூடியின் மேல் வையுங்கள், அது பிளாஸ்டிக். மேசைக்கு எண்ணெய்த் துணிதான் காப்பு.

இனிக் கேள்விக்கு வருவோம். மெசினும் பழுதில்லை, நீங்களும் பெரிய பிழை விடவில்லை. ஆனால் இந்த இரண்டு திசைகளுக்கும் இடையில் நடப்பதைப்போல அழகான ஒரு சங்கதி பட்டறை உலகத்தில் குறைவு.

மில்லிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளை போடும் மெசினில் கட்டர் கீழே மட்டும் இறங்கும். மில்லிங் மெசினில் கட்டர் ஓரிடத்தில் நின்று சுழல, வைஸில் இறுகப் பிடித்த உலோகம் மேசையோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்து அதன் பற்களுக்குள் போகிறது. மேசையை நகர்த்துவது கைப்பிடிச் சில்லு. சில்லின் மறுமுனையில் நீளமான ஒரு திருகு, அதன்மேல் ஒரு நட். இந்த இரண்டும் சேர்ந்துதான் மேசையைத் தள்ளுகின்றன. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 2 மி.மீ. போகும். சில்லைச் சுற்றி 100 கோடுகள், அதாவது ஒரு கோடு 0.02 மி.மீ.

எல்லாம் அந்த நட்டில்தான் இருக்கிறது.

திருகின் புரி நட்டின் பள்ளத்துக்குள் துளியும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் சுற்றவே முடியாது. ஆகவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்வார்கள். இதைப் பட்டறைக்காரர் ‘பிளே’ என்பார்கள், படித்தவர்கள் ‘பக்லாஷ்’ என்பார்கள். உங்கள் மெசினில் அது எவ்வளவு என்று அளந்து எழுதச் சொன்னேன். சில்லை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தி, மறுபக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். மேசையில் முட்ட வைத்த, நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜின் முள் அசையும் வரை எத்தனை கோடு போகிறது என்று எண்ண வேண்டும். பதினொரு கோடு என்று பதில் வந்தது. 0.22 மி.மீ. இந்த அளவு மெசினுக்கு அது வழக்கமானதுதான்.

சீனக்குடா ஸ்டேஷனில் சரக்கு ரயில் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் இழுத்ததும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ‘டங் டங்’ என்று இழுபட்டு, கொழுக்கிகள் எல்லாம் விறைத்துக்கொள்ளும். பெட்டிகளுக்கு இடையில் தளர்ச்சி இருக்கிறது, ஆனால் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கும் வரை அது தெரியாது. எஞ்சின் பிரேக் போட்டால்தான் பின்னால் வரும் பெட்டி முன்பெட்டியில் மோதும். தளர்ச்சி முழுவதும் ஒரு நொடியில் வெளியே வந்துவிடும்.

உங்கள் மெசினில் திருகுதான் எஞ்சின், மேசைதான் பெட்டி. கட்டர் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. முன்விளிம்பை வெட்டும்போது உலோகத்தைத் தொடும் பல் இடமிருந்து வலமாக ஓடுகிறது. மேசை வலமிருந்து இடமாக வந்தால் பல் அதை எதிர்த்துத் தள்ளும். பெட்டியைப் பின்னால் பிடித்து இழுப்பதுபோல. கொழுக்கி விறைத்தே இருக்கும், புரியின் ஒரே பக்கம் நட்டோடு ஒட்டியே இருக்கும். 0.22 மி.மீ. தளர்ச்சி அங்கேதான் இருக்கிறது, ஆனால் வாய் திறக்காது. இதை எதிர்வெட்டு என்போம்.

மேசையை மறுபக்கம் நகர்த்தினீர்கள். இப்போது பல்லும் மேசையும் ஒரே திசை. பல் உலோகத்தைக் கவ்வித் தன்னோடு இழுக்கிறது. யாரோ பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளியதுபோல மேசை திருகை முந்திக்கொண்டு 0.22 மி.மீ. பாய்கிறது. இது உடன்வெட்டு.

0.22 மி.மீ. என்ன பெரிய தூரம் என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். இரண்டு பல் கட்டர், நிமிடத்துக்கு 2000 சுற்று; நீங்கள் கையால் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 100 மி.மீ. என்று வைப்போம். 100ஐ 4000ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.025 மி.மீ. தலைமுடியின் தடிப்பில் மூன்றில் ஒன்று. அந்தப் பல்லின் வாய்க்குள் திடீரென்று இன்னும் 0.22 மி.மீ. போய் விழுகிறது. ஒரு கவளம் கேட்டவனுக்குப் பத்துக் கவளத்தை ஒன்றாகத் திணித்த மாதிரி. முறியாமல் என்ன செய்யும்?

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ‘டக டக’. மேசையால் திருகைச் சுற்ற முடியாது. புரியின் சரிவு அவ்வளவு குறைவு, உராய்வு அதைப் பூட்டி வைத்துவிடும். ஆகவே பாய்ந்த மேசை நட்டின் மறுசுவரில் முட்டி நின்றுவிடும். நீங்களோ சில்லைச் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். திருகு அந்த 0.22 மி.மீ. தூரத்தைப் பிடித்து வரும்வரை மேசை அசையாது, கட்டர் வெறுமனே சுற்றும். பிடித்து வந்ததும் மறுபடி தள்ளும், பல் கவ்வும், மேசை பாயும். நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் 0.22 மி.மீ. போக ஏறத்தாழ 0.13 வினாடி. கணக்குப்படி வினாடிக்கு ஏழெட்டுப் பாய்ச்சல். நீங்கள் கேட்டது பேய் தட்டிய சத்தமில்லை தம்பி, நட்டின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மேசை அல்லாடிய சத்தம்.

அப்படியென்றால் உடன்வெட்டே கூடாதா? கூடும், அதுவும் பெரிய தொழிற்சாலைகளில் அதுதான் வழக்கம். எதிர்வெட்டில் பல் ஒன்றுமில்லாத தடிப்பிலிருந்து தொடங்கிப் போகப் போகத் தடிப்பாக வெட்டுகிறது. எவ்வளவு தீட்டினாலும் பல்லின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மழுக்கம் உண்டு. ஆகவே முதலில் கொஞ்சத் தூரம் வெட்டாமல் தேய்க்கிறது. சூடு ஏறுகிறது, கூர் போகிறது. துருவேறா உருக்கென்றால் தேய்த்த இடமே இன்னும் கடினமாகிவிடும். உடன்வெட்டில் தடிப்பாகத் தொடங்கி மெல்லியதாக முடிகிறது. மேற்பரப்பு மினுங்கும். கணினி மெசின்களில் புரிக்குள் சின்ன எஃகுக் குண்டுகளை இறுக்கி ஓட விட்டிருப்பார்கள். தளர்ச்சி அநேகமாக இல்லை, பாய்ச்சலும் இல்லை.

உங்களுக்கு என் யோசனை: பெரும்பகுதியை எதிர்வெட்டில் எடுங்கள். கடைசி 0.05 மி.மீ. அளவை மட்டும் உடன்வெட்டில் சீவுங்கள். அப்போது மேசையின் பக்கத்தில் இருக்கும் ‘கிப்’ திருகை, அதாவது மேசை சறுக்கும் பாதையை இறுக்கும் திருகை, சற்று இறுக்கி, மேசை கொஞ்சம் கனமாக நகரும்படி வையுங்கள். பல் இழுத்தாலும் உராய்வு விடாது. அந்த வெட்டுக்கு நகர்த்தத் தேவையில்லாத அச்சை எப்போதும் பூட்டி வையுங்கள். அளவு எடுக்கும்போது ஒரே திசையிலிருந்து கோட்டுக்கு வாருங்கள், தாண்டிவிட்டால் ஒரு சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

என் பெரியப்பா திருகோணமலை டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பற்பட்டறையில், பிட்டராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அந்தக் கைப்பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. “கட்டரோட கூடிப் போகாதே, எதிர்த்துப் போ” என்பார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பௌதிகம் படித்துவிட்டு வந்து, அவர் சொல்லைக் கேட்காமல், ஒரு 10 மி.மீ. கட்டரை முறித்த பிறகுதான் ஏன் என்று யோசித்தேன்.

மற்றவற்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மெசின் சின்னது என்றாலும் ஐம்பது அறுபது கிலோ, ஆடாத ஒரு பட்டறை மேசையில் இறுக்கிப் பூட்டுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்பியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி நல்ல எண்ணெய் பூசுங்கள். அலுமினியம் வெட்டும்போதும் தூரிகையால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவினால் பல்லில் ஒட்டாது; பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடவே கூடாது, சுழலும் கட்டர் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். வெறுங்காலோடு நிற்காதீர்கள், சூடான உலோகச் சுருள் தெறித்தால் கால் பொசுங்கும்.

புதுக் கட்டர் வாங்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் தங்கநிறத்தில் மினுங்குபவை இருக்கும். அது தங்கமில்லை, டைட்டேனியம் நைட்ரைட் பூச்சு. டைட்டேனியம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இல்மனைட் போன்ற கறுப்பு மணலிலிருந்து. நமக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளுகிறார்களே, அதேதான். நாம் மணலாகக் கப்பலேற்றுகிறோம், பூச்சாக விலை கொடுத்து வாங்குகிறோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 0.1 சதவீதத்தைச் சுற்றி மட்டும் ஒதுக்கினால் வேறென்ன நடக்கும்? இதைச் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பார்கள், பேசத்தான் வேண்டும். அது போகட்டும், உங்கள் அலுமினிய வேலைக்குப் பூச்சில்லாத சாதாரணக் கட்டரே நல்லது. அலுமினியம் கலந்த கருநீலப் பூச்சு என்றால் வாங்கவே வேண்டாம், வெட்டும் உலோகம் அதில் அப்பிக்கொள்ளும்.

முறிந்த கட்டரை எறிந்துவிடாதீர்கள். அதன் தண்டு மிகத் துல்லியமாக 6 மி.மீ.க்குச் சாணை பிடிக்கப்பட்டது. நீங்கள் செய்யும் பிடியில் 6 மி.மீ. துளை ஒன்று இருக்கிறது என்றீர்களே, துளை சரியா என்று பார்க்க அந்தத் தண்டையே விட்டுப் பாருங்கள்.