ஏபியா, டூயல் கிரெடிட்டா? டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோருக்கு

டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரியில்) மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். குளிர்கால விடுமுறை முடிந்து, ஹைஸ்கூல்கள் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவத்தைக் கொடுக்க ஆரம்பித்ததும், நம் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எத்தனை ஏபி எடுக்கணும் மேடம்?" எதற்காக எடுக்கிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. ஊரில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே எல்லாம் முடிவான தலைமுறை நாம். பாடம் பாடமாகச் சேர்த்துப் பட்டம் வாங்கும் கிரெடிட் என்ற கணக்கே நமக்குப் புதிது.

முதலில் இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்க்கலாம். ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950களிலிருந்து நடத்திவரும் திட்டம். பாடத்தை நடத்துவது ஹைஸ்கூல் ஆசிரியர்தான். மே மாதம் நாடு முழுக்க ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண், ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் கிரெடிட் தரும். டூயல் கிரெடிட் அப்படியில்லை. அது ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேர்த்தே கணக்காகும் நிஜமான காலேஜ் பாடம். பிள்ளை 16 வயதிலேயே காலேஜ் மாணவராகப் பதிவாகிறார். வருடக் கடைசியில் ஒரே ஒரு பெரிய தேர்வு என்ற பேச்சு இல்லை. கட்டுரை, வினாடிவினா, இடைத்தேர்வு எல்லாம் சேர்ந்து வரும் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறும், கிரெடிட்டும் அதோடு வந்துவிடும்.

பணத்தில் லாபம் எங்கே என்றால், டெக்சாஸில் அது தெளிவாகத் தெரியும் ஒரு இடம் இருக்கிறது. இந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) படித்தாலும், அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் முடிக்காமல் பட்டம் கிடையாது. அது சட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவருக்கும் விதிவிலக்கு இல்லை. அதோடு முதலாண்டு இங்கிலீஷ் இரண்டு பாடங்களையும் சேர்த்தால் ஆறு பாடங்கள், 18 கிரெடிட். 120 கிரெடிட் பட்டத்தில் இது ஒரு செமஸ்டருக்கும் கொஞ்சம் மேலே. இந்த ஆறையும் 11, 12ஆம் வகுப்பிலேயே டூயல் கிரெடிட்டாக முடித்துவிடலாம். மாநிலத்தின் 42 கிரெடிட் பொதுப் பாடத்திட்டத்துக்குள் வருவதால், ஒரு அரசுக் கல்லூரியில் எடுத்தது இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் செல்லும். கட்டணம் பள்ளி மாவட்டத்தைப் பொறுத்தது. பல இடங்களில் குடும்பம் கட்டவேண்டியது மிகக் குறைவு, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகளுக்காக 2023இல் ஒரு மாநிலத் திட்டமும் வந்தது. அதில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் அவர்களுக்கு டூயல் கிரெடிட் இலவசம்.

ஆனால் நம்மவர்கள் வரலாறு, இங்கிலீஷ் பக்கம் திரும்புவதே இல்லை. கால்குலஸ், பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், அதோடு சரி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏபி அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் படித்து, அவற்றைச் சான்றாக வைத்து வாதம் எழுதச் சொல்வார்கள். ஒரு கடிதம், ஒரு கார்ட்டூன், ஒரு சட்ட வரைவு என்று கலந்து வரும். யார், யாருக்காக, எந்த நேரத்தில் இதை எழுதினார்கள் என்று சந்தேகப்பட்டுப் படிக்கவேண்டும். இதில் பழகிய பிள்ளை பல்கலைக்கழகத்தில் எந்த மேஜருக்குப் போனாலும் முதல் கட்டுரையைக் கண்டு மிரளாது. ஏபியில் தமிழ் கிடையாது என்ற குறை எனக்கு உண்டு. அது வேறு கதை.

பணத்தைவிடப் பெரிய லாபம் என்று நான் நினைப்பது, காலேஜ் எப்படி நடக்கிறது என்பதை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே கற்றுக்கொள்வதுதான். டூயல் கிரெடிட் இங்கிலீஷ் எடுத்த ஒரு மாணவி முதல் கட்டுரையில் சி வாங்கியதும் நேராக என்னிடம் வந்தாள். எக்ஸ்ட்ரா கிரெடிட், அதாவது கூடுதலாக ஏதாவது செய்து மார்க்கை ஏற்ற வழி, கிடைக்குமா என்பதுதான் அவள் கேள்வி. சிலபஸை எடுக்கச் சொன்னேன். போனில் இருந்தது, முதல் பக்கத்தைத் தாண்டி அவள் படிக்கவில்லை. எக்ஸ்ட்ரா கிரெடிட் இல்லை, தாமதமாகத் தந்தால் மதிப்பெண் இல்லை, ப்ரொஃபசரின் ஆஃபீஸ் அவர்ஸ் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம்) எந்த நாள் எத்தனை மணிக்கு, எல்லாம் அதிலேயே இருந்தது. "ஆஃபீஸ் அவர்ஸ் போய் என்ன கேட்கறது?" என்றாள். நல்ல கேள்வி. திருத்திய கட்டுரையை எடுத்துக்கொண்டு போ, மார்க்கைப் பற்றிப் பேசாதே, 'என் வாதம் எந்தப் பத்தியில் நழுவுது?' என்று மட்டும் கேள் என்றேன். போனாள். ப்ரொஃபசர் இரண்டாம் பத்தியில் ஒரு வரியை வட்டமிட்டு, கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது, மேலே இருப்பதை வெட்டிவிடு என்றாராம். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் பலர் ஆஃபீஸ் அவர்ஸ் பக்கமே போகாமல் செமஸ்டரை ஓட்டிவிடுகிறார்கள். இவளுக்கு 11ஆம் வகுப்பிலேயே அந்தக் கூச்சம் போய்விட்டது.

பெற்றோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. "அவன் அம்மாதான் பேசறேன் மேடம். மார்க் என்னன்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று போன் வரும். சொல்ல முடியாது. 1974இல் வந்த ஃபெர்பா என்ற மாணவர் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவர் எந்த வயதினராக இருந்தாலும் கல்லூரிப் பதிவேடு மீதான உரிமை அவருடையது. சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஹைஸ்கூல் வழியாகவும் விவரம் கேட்கலாம். ஆனால் போனில் யாரோ கேட்டால் நாங்கள் வாய் திறக்கமாட்டோம். பிள்ளையிடமே கேளுங்கள் என்றால் சில அம்மாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனி ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடம். ஏபி தேர்வில் 2 வந்தால் பெரும்பாலும் அந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் இருந்துவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கிய சி அப்படியே நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ஹைஸ்கூலில் எடுத்த காலேஜ் பாடங்களையும் சேர்த்தே ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கிடுவார்கள். டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்திலும் இதே விதிதான். "டாக்டர் ஆக்கணும்" என்று எட்டாம் வகுப்பிலிருந்தே திட்டம் போடும் வீடுகளில்கூட இது பலருக்குத் தெரிவதில்லை. தயக்கமாக இருந்தால், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்ராம்ப்ஸ் ஒரு நடுவழி. அதில் காலேஜ் கிரேடைப் பார்த்த பிறகு, கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்று மாணவரே முடிவு செய்யலாம்.

எங்கே படிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏபியில் பொதுவாக 3 வாங்கினாலே கிரெடிட் தரவேண்டும் என்று 2015இல் சட்டம் வந்தது. அதற்கு மேல் கேட்க அவர்கள் காரணம் காட்டவேண்டும். ஆனால் கால்டெக் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் 5 வாங்கினாலும் கிரெடிட் இல்லை. இன்னொரு தனியார் கல்லூரியான டார்ட்மத் பத்தாண்டுக்கு முன்பே ஏபிக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஹைஸ்கூல் பட்டத்துக்குக் கணக்கில் வந்த டூயல் கிரெடிட் பாடத்தை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களை நோக்கிப் போகிறவர் கிரெடிட்டை எதிர்பார்க்காமல், படிப்புக்காகவும் விண்ணப்பத்தின் பலத்துக்காகவும் எடுக்கலாம். அதிலும் தப்பில்லை.

கிரெடிட் செல்லும் இடத்திலும், அது டிகிரி பிளானில் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். 40 கிரெடிட்டோடு வந்தும், மேஜருக்கு உதவாமல் பாதி எலக்டிவ் (விருப்பப் பாடம்) கணக்கில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சரியான இடத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது மேஜருக்கோ, ஒரு செமஸ்டர் முழுநேர இன்டர்ன்ஷிப்புக்கோ நேரம் கிடைக்கும். இரண்டாம் கால்குலஸ் வரை உள்ளடக்கிய ஏபி கால்குலஸ் பிசியில் 5 வாங்கி நேராக மூன்றாம் கால்குலஸுக்குப் போகும் பொறியியல் மாணவர்களுக்கு நான் சொல்வது: பல்கலைக்கழகத்தின் பழைய இரண்டாம் கால்குலஸ் இறுதித்தேர்வுத் தாள் கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தடுமாறினால் அந்தப் பாடத்தை அங்கேயே எடுங்கள். கிரெடிட் இருக்கிறதே என்று தாவ வேண்டாம்.

வகுப்பு ரேங்க் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏபி ஓட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். முதல் 10 சதவீதத்தில் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்பது 1997 சட்டம். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதத்துக்குத்தான் அந்த இடம். ஏபி பாடத்துக்கு ஜிபிஏயில் கூடுதல் எடை உண்டு, டூயல் கிரெடிட்டுக்கு எவ்வளவு என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். உங்கள் பள்ளியின் பாடக் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதற்காக ஒரே ஆண்டில் ஆறு ஏபி எடுத்து, இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள். பிடித்த இரண்டு பாடம், பிடிக்காவிட்டாலும் தேவையான ஒன்று, அது போதும் என்பது என் எண்ணம்.

டூயல் கிரெடிட் எடுப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு தேதி. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வழக்கமான செமஸ்டரில் வகுப்புகள் நடக்கும் 12ஆவது நாள்தான் அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்பு நாள். அதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் இருக்காது, பிறகு விலகினால் டபிள்யூ என்ற விலகல் குறி விழும். செமஸ்டர் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பிள்ளை திணறுவது தெரிந்தால், ஹைஸ்கூல் கவுன்சிலரிடமும் கல்லூரி ஆலோசகரிடமும் அந்த நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஹைஸ்கூல் பட்டத்துக்கு அந்தப் பாடம் தேவை என்றால் மாற்று வகுப்புக்கும் அதே வாரத்தில் ஏற்பாடு செய்தாகவேண்டும்.