எதிரிக்குத் தொட்டில் கட்டும் தைல மரம்

நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறார். தைல மரத்தை வெட்டி விற்றுவிட்டு, கட்டையிலிருந்து வரும் துளிரை வளர்க்கிறார். அந்தத் துளிரின் இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் கடுகைக் கோத்து வைத்ததுபோல முடிச்சுகள். “ஐயா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் திருஷ்டி என்கிறார், பூசணிக்காய் உடைக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

இது ஒரு குளவியின் வேலை. குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டுமே, அதை நினைக்க வேண்டாம். இதன் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. நீலமும் பச்சையுமாக மினுமினுக்கும், நம்மைக் கொட்டாது. தைல மரத்தைப் போலவே இதற்கும் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 2000-ஆம் ஆண்டுவாக்கில் மேற்கு ஆசியாவில் கவனத்துக்கு வந்தது. 2004-ல்தான் லெப்டோசைபி இன்வேசா என்று பெயரே வைத்தார்கள். அதே காலத்தில் கர்நாடகத்தின் மாண்டியாவிலும் தமிழ்நாட்டின் மரக்காணத்திலும் தென்பட்டது. அப்புறம் தைல மரம் இருக்கும் இடமெல்லாம் பரவிவிட்டது.

சரி, முடிச்சு எப்படி வருகிறது? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம் இதுதான். குளவி முற்றிய இலையைத் தொடுவதே இல்லை. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் இளந்துளிராகத் தேடி, ஊசி போன்ற உறுப்பால் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. அதன் பிறகு அந்த இடத்துச் செல்கள் தங்கள் வேலையையே மறந்துவிடுகின்றன. நரம்பாக வேண்டியவை நரம்பாகாமல் முட்டையைச் சுற்றிப் பெருகி ஒரு சின்ன அறை கட்டுகின்றன. அறையின் உட்சுவர் மெத்தென்று சத்து நிறைந்தது, வெளிச்சுவர் கெட்டியானது. புழுவுக்குக் காலே கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. படுத்த இடத்திலேயே சுவரைத் தின்று வளர்கிறது. வெளியே முடிச்சு பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாகி, சிவந்து, பழுப்பாகிறது. சுமார் நான்கு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக் குளவி வெளியேறுகிறது. புழு பூச்சி எதையும் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டியது முழுக்க மரம்!

நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் காயே அல்ல. வேறொரு குளவிக்காக ஓக் மரம் கட்டிய அறை அது.

இந்தக் குளவிகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். உடலுக்குள் வாழும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவால் ஆண் துணையில்லாமலே பெண் குஞ்சுகள் பிறக்கின்றன. ஆகவே நாற்றங்காலில் ஒரே ஒரு கன்றில் ஒரே ஒரு குளவி இருந்தாலும் போதும். போதாததற்கு, நாம் நடுவதோ ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த குளோன் கன்றுகள். ஒன்று இடம் கொடுத்தால் தோப்பே இடம் கொடுக்கும். துளிர் சுருண்டு, வளர்ச்சி குன்றி, காகித ஆலைக்குப் போகும் கட்டையின் எடை குறைகிறது.

பூசணிக்காய் உடைப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் திருஷ்டி என்று நம்பிக் காத்திருக்கும் நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறை பறந்துவிடுமே, அதுதான் என் கவலை. மருந்து அடித்தாலும் சுவருக்குள் இருக்கும் புழுவை எட்டுவது கடினம்.

எட்டக்கூடியது இன்னொரு பூச்சி. குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி என்ற ஒட்டுண்ணிக் குளவி முடிச்சைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. அதன் புழு உள்ளிருக்கும் புழுவைத் தின்று, சுமார் ஒரே மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் அதை இஸ்ரேலிலிருந்து வரவழைத்தது. ஒரு மில்லிமீட்டர் பூச்சியில் நண்பன் எது, எதிரி எது என்று பிரித்துச் சொல்ல நுண்ணோக்கியில் கண் வைத்தே வாழ்நாளைக் கழிப்பவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நிரந்தர வேலையும் போதிய பணமும் கொடுக்காத நாடு மரம் நட்டு என்ன பயன்?

நண்பரே, நீங்கள் ஒன்று செய்யுங்கள். சிவந்த முடிச்சுள்ள துளிர்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் பூச்சிகள் வெளிவரும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, வேறு உருவத்திலும் சில கலந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கலந்திருந்தால் மருந்து அடிக்காமல், அந்த பாட்டிலை அப்படியே கோவையில் உள்ள வன மரபியல், மரப் பெருக்க நிறுவனத்துக்கு எடுத்துப் போங்கள். அடுத்த நடவுக்கு எந்தக் குளோன் இந்தக் குளவிக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது என்பதையும் அங்கேயே கேட்டு வாருங்கள்.