அலாஸ்கா கப்பலுக்குக் கனடா விசா எதற்கு?

பாளையங்கோட்டையில் பயண முகவராக இருக்கும் எனக்குக் கோடைதோறும் ஒரே வகையான அழைப்பு வருகிறது. மகன் சியாட்டிலில் வேலை பார்ப்பார்; ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை மகிழ்விக்க அலாஸ்கா கப்பலில் இணையம் வழியே இடம் பதிவு செய்திருப்பார்; துறைமுகத்தில் பெற்றோரை மட்டும் நிறுத்திக் கனடா விசாவைக் கேட்டிருப்பார்கள். இந்த ஆண்டும் ஒரு தம்பதியர் பெட்டிகளோடு திரும்பிய கதையைக் கேட்டபின், வாயால் சொல்லிச் சலித்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவிலேயே இறங்குகிறோம், அலாஸ்காவும் அமெரிக்காதானே" என்று எல்லோரும் வாதிடுகிறார்கள். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை என்பதையும், அத்தகைய கப்பல் அமெரிக்காவில் பயணிகளை ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்குவதானால் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துவதையும் அவர்கள் அறிவதில்லை. சியாட்டிலில் புறப்படும் கப்பல் பெரும்பாலும் கடைசி மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது அதற்காகத்தான். பெருந்தொற்றால் கனடா தன் துறைமுகங்களை மூடியிருந்த 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு அளித்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் என்னோடு வழக்காடுவோர் உண்டு.

"விக்டோரியாவில் இறங்கவே மாட்டோம், அறையிலேயே படுத்துக்கொள்கிறோம்" என்பது அடுத்த வாதம். ஐயா, கப்பல் நிறுவனத்தார் அதை ஏற்பதில்லை. அறையில் உறங்குகிறவருக்கும் விசா வேண்டும். மகனிடம் கிரீன் கார்டு இருந்தால் அவருக்குக் கனடா விசா தேவையில்லை; அதனாலேயே பெற்றோருக்குத் தேவைப்படும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வரும் வேலையை, அமெரிக்க விமானம் ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கனடாவின் வான்கூவரில் புறப்படும் கப்பலானால் இரண்டு நாட்டு விசாக்களும் வேண்டும். அங்கேயே திரும்பி வருவதானால் கனடா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருப்பது நல்லது. நார்வேக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து போகிறவர்கள் பிரிட்டன் விசாவும், நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

விசா சரியானபின் வழியைப் பாருங்கள். வான்கூவர் கப்பல்கள் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீர்வழியில் போகின்றன. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்வதால் ஆட்டம் அதிகம். கார் பயணத்திலேயே தலைசுற்றும் பெரியவர்கள் உடன் வந்தால் விலை வேறுபாட்டைப் பார்க்க வேண்டாம். அலாஸ்காவில் பனியாறுகளைப் பார்க்கப் போகும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களையே விடுகிறார்கள். ஆகவே விளம்பரப் படத்தை நம்பாமல் உங்கள் கப்பலின் பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கத்து அறை என்று மணிக்கணக்கில் ஆராய வேண்டாம், பனியாற்றின் முன் கப்பலை இரு பக்கமும் திருப்பிக் காட்டுவார்கள்.

ஜூனில் போய் வடதுருவ ஒளியைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அப்போது அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் பகற்பொழுதே பதினெட்டு மணி நேரம்; இருட்டாத வானத்தில் அது தெரியாது. அதற்காகவே போகிறவர்கள் குளிர்காலத்தில் வடக்கு நார்வேக்குப் போகட்டும்.

அலாஸ்காவில் கப்பல்கள் நிற்கும் கெட்சிக்கன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கில் அடைமழையில் நின்றவருக்கு அது புரியும். ஆகவே குடையை விட்டு மழைக்கோட்டு எடுங்கள். காட்டப்படும் கட்டணம் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. பணியாளர் அன்பளிப்பு பெரும்பாலும் தனி. கப்பல் மருத்துவருக்கும் தனியே பணம் கட்ட வேண்டும் என்பதால், ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் அறுபதைக் கடந்தவர்களை அழைத்துச் செல்லாதீர்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா அம்மாவுக்குச் சொல்லாமல் வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசை இருந்தாலும், பணம் கட்டும் முன் அவர்களுடைய பாஸ்போர்ட்டின் விசாப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.