வலையை வரையும் முன் வலை பின்னுவதைப் பாருங்கள்

ஜவுளி வடிவமைப்பு மாணவர்களிடம் இயற்கையிலிருந்து ஒரு கருவை எடுத்து வரச் சொன்னால், ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது சிலந்தியைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்வில் குறையில்லை. அடுத்த வாரம் மேசைக்கு வரும் மூட் போர்டில்தான், அதாவது கருவை விளக்கப் படங்கள் ஒட்டிய அட்டையில்தான் குறை. இணையத்தில் இறக்கிய படங்கள், கறுப்புப் பின்னணி, மூலையில் தொங்கும் கால்வட்ட வலை, அதில் கொழுத்த ஒரு சிலந்தி. ஹாலோவீன் அலங்காரக் கடைச் சரக்கு. ஸ்கிரீனில் ஏற்றி டி-ஷர்ட்டில் அடித்தால் விற்கவும் செய்யும். ஆனால் அதற்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

வலையை வரையுங்கள் என்றால் பலரும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போடுகிறார்கள். தோட்டத்து வட்ட வலையில் வட்டங்களே கிடையாது. ஒரே இழை சுருளாகச் சுற்றிவருகிறது. மையமும் நடுவில் இருப்பதில்லை, பெரும்பாலும் சற்று மேலே இருக்கும். சிலந்தி தலைகீழாக உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்கிறது. மேலே ஏறுவதைவிடக் கீழே வேகமாக ஓடலாம் என்பதால் கீழ்ப்பாதியில் வலையை அகலமாகப் போடுகிறது. இந்தச் சாய்வைக் கண்ணால் பார்த்த மாணவர், அதைப் புடவை முந்தானையில் எங்கே வைப்பது என்று தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடுவார். இணையப் படத்தில் அது கிடைக்காது.

மார்கழி, தை மாதங்களின் காலைப் பனி இதற்கு ஏற்ற நேரம். வலைக்குப் பின்னால் ஓர் அடர்நிறத் துணியைப் பிடித்தால் இழைகள் எழுந்து தெரியும். படம் தெளிவாக வரட்டும் என்று மாவையோ பவுடரையோ தூவாதீர்கள். அத்தோடு அந்த வலை வீண். வட்ட வலைச் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்று அதே புரதத்தைக் கொண்டு புதிய வலை பின்னுகின்றன. அவற்றின் முதலீட்டில் கை வைக்க நமக்கு உரிமையில்லை. சிலந்தியைப் பாட்டிலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவருவதும் வேண்டாம்.

ஒரே வகை வலையோடு நின்றுவிடவும் கூடாது. வேலியிலும் புதரிலும் கூடாரச் சிலந்தி படுக்கைவாட்டில் ஒரு விரிப்பைக் கட்டும். பசை இல்லாத, கண் நெருங்கிய வலை அது. கொசுவலைத் துணியை விரித்ததுபோல் இருக்கும். தோட்டத்தில் ஆர்ஜியோப் சிலந்தி நடு வலையில் வெள்ளை இழையால் வளைந்து வளைந்து பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் நீட்டி உட்கார்ந்திருக்கும். இவற்றையெல்லாம் பென்சிலால் வரைந்தாலே ஒரு நோட்டு நிறைந்துவிடும்.

நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது வேலையின் வரிசையை. சிலந்தி முதலில் சட்டம் கட்டுகிறது. பிறகு மையத்திலிருந்து ஆரங்கள். அடுத்து, மையத்திலிருந்து வெளிநோக்கி அகன்ற இடைவெளியில் பசையில்லாத ஒரு தற்காலிகச் சுருள். அதன்மேல் கால் வைத்தபடி விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளைப் போடுகிறது. போகப் போகத் தற்காலிகச் சுருளை வெட்டி நீக்கிவிடுகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிரிக்கும் அதே வேலை.

தண்ணீரில் கரையும் பிலிமில் எம்பிராய்டரி செய்பவர்களுக்கு இது உடனே புரியும், அங்கே பிலிம்தான் சாரம். ஒரு மாணவி பிலிமை வளையத்தில் இறுக்கி, அழகான சுருளை முதலில் தைத்தார்; ஆரங்களைப் பிறகு அங்கங்கே போட்டார். பிலிம் கரைந்ததும் மிஞ்சியது நூல் சிக்கல். இழைகள் ஒன்றையொன்று பிடிக்கவேயில்லை. அடுத்த முறை விளிம்புச் சட்டத்தை மூன்று நடை தடிமனாகத் தைத்து, ஆரங்களை அதில் ஊன்றி, சுருள் ஒவ்வோர் ஆரத்தையும் கடக்கும் இடத்தில் ஒரு தையல் பின்னோக்கிப் போட்டார். கரைத்து உலர்த்திய பிறகு கையில் தூக்கிப் பிடிக்கும்படி நின்றது.

தறியில் செய்ய விரும்புபவர்கள் நூலிலிருந்து தொடங்க வேண்டும். வலையில் ஆரம் ஒரு வகைப் பட்டு, பசைச் சுருள் வேறு வகை. ஆர இழை விறைப்பானது. சுருள் இழை தன் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் நீளக்கூடியது. விறைப்பும் இழுவையும் சேர்ந்துதான் மோதும் பூச்சியை வலை கிழியாமல் நிறுத்துகிறது. இதைத் துணியாக்க ஒரு வழி: பருத்திப் பாவில் (நீளவாட்டு நூல்) சில ஊடை (குறுக்கு நூல்) பருத்தி, சில ஊடை ரப்பர்போல இழுபடும் லைக்ரா என்று மாற்றி மாற்றி அடிப்பது. தறியில் இருக்கும்வரை தட்டையாகத் தெரியும். அறுத்து எடுத்ததும் லைக்ரா வரிகள் சுருங்க, பருத்தி வரிகள் புடைத்து எழும். இடைவெளி விட்ட நெசவு வேண்டுமென்றால் லீனோ என்ற நெசவு பொருத்தம். இரண்டு பாவு இழைகள் ஊடையைச் சுற்றி முறுக்கிப் பிடிப்பதால் நூல் நகராது. சாதா நெசவில் இடைவெளி விட்டால், முதல் துவைப்பிலேயே நூல் ஒதுங்கிவிடும். சிலந்தி உருவமே இல்லாத இத்தகைய துணிகளைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

மாணவர்கள் எழுதும் கருத்துரையில் 'சிலந்திப் பட்டு எஃகைவிட வலிமையானது' என்ற வரி தவறாமல் வருகிறது. எடைக்கு எடை என்று சேர்த்து எழுதுங்கள். எஃகின் அடர்த்தி ஏறக்குறைய ஆறு மடங்கு. அதைவிட முக்கியம், அறுவதற்கு முன் சிலந்திப் பட்டு நீண்டு எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பது.

அப்படியானால் ஏன் சிலந்தி வளர்த்துத் துணி நெய்யவில்லை என்று மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரி கேட்கும். முயன்றிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பான் என்பவர் சிலந்திப் பட்டில் காலுறையும் கையுறையும் செய்தார். அதை ஆராய்ந்த ரியோமர் என்ற அறிவியலாளர், சிலந்திகளை ஒன்றாக வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், தொழிலுக்கு ஆகாது என்றார். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி இருவரும் பத்து லட்சத்துக்கும் அதிகமான சிலந்திகளிடமிருந்து இழை எடுத்து நெய்வித்த துணி 2009இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. சாயமிடாமலேயே பொன்னிறம். இத்தகைய துணி எத்தனை அரிது என்பதற்கு அத்தனை சிலந்திகள் தேவைப்பட்டதே சான்று.

நம் ஊர்க் கதை வேண்டுமென்றால் திருவானைக்காவல் இருக்கிறது. வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்கச் சிலந்தி மேற்கட்டி பின்னிய கதை. மாணவர்கள் அங்கேயும் வட்ட வலையைச் செங்குத்தாக வரைந்துவிடுகிறார்கள். மேற்கட்டி என்றால் படுக்கைவாட்டு விரிப்பு. கூடாரச் சிலந்தியின் வலை அதற்கு இணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் கோயில்களுக்குத் தொம்பையும் (குழல் வடிவத் துணித் தொங்கல்) விதானமும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், தொங்கும் துணியின் எடையை எந்த விளிம்பு தாங்குகிறது என்று கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள்.

ஜூரிக்கு முன் சாம்பிளை ஒருமுறை துவையுங்கள். வளையலும் மோதிரமும் அணிந்த கையால் தடவிப் பாருங்கள். நூல் மாட்டினால் அது உடைக்கு ஆகாது, திரைச்சீலையாகவோ சுவர்த் தொங்கலாகவோ காட்டுங்கள். எந்த இழை எங்கே வாங்கியது, மீட்டருக்கு என்ன செலவு என்பதையும் சாம்பிளோடு வைக்கும் தாளின் பின்புறம் குறித்துவிடுங்கள். விலையைத்தான் முதலில் கேட்பார்கள்.